மூன்று பொய்ச் சீட்டுகள்

பெட்டிக்காரருக்கு நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேரைத் தெரியும். அத்தனை பேருடைய விசிட்டிங் கார்டுகளும் பதினாறு செருப்புப் பெட்டிகளில், அவருடைய அலுவலக அறை பீரோவுக்குள் அகர வரிசையில் நின்றன. அந்தக் கனத்தில் பீரோ ஒரு பக்கம் சாய்ந்து, அறைக்கதவை முழுதாகத் திறக்க முடியாமல் போய் இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து ஒல்லியானவர்கள் மட்டுமே அவரை வந்து பார்த்துப் பேச முடிந்தது.

கார்டு கொடுக்கவும் வாங்கவும் அவர் நேரம் காலம் பார்த்ததில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில் வாய் நிறையப் பஞ்சோடு டாக்டரிடம் கார்டை நீட்டி, பதிலுக்கு அவருடைய கார்டை வாங்கிக்கொண்டு வந்தார். நாலு பேர் ஏறுகிற லிஃப்டில், இரண்டாவது மாடி வருவதற்குள் ஐந்து கார்டுகள் வாங்கிய மனிதர் அவர். ஐந்தாவது கார்டு எப்படி வந்தது என்று லிஃப்ட் கம்பெனிக்கே இன்றுவரை விளங்கவில்லை.

தொழில் என்று பார்த்தால் அட்டைப் பெட்டி. ஒரு நீளமான கூடம், அதில் அட்டையை வெட்டி மடிப்புக் கோடு போடும் பஞ்சிங் மிஷின் ஒன்று, பசை ஒட்டும் மேஜை ஒன்று. மேஜையில் ஆறு பெண்கள். அந்த அறுவரையும் நடத்தியது அவர் மனைவி. மிஷினை ஓட்டியது மனைவியின் தம்பி. பெட்டிக்காரர் வெளியில் போய் ஆட்களைத் தெரிந்துகொண்டு வருவார். அதுதான் அவர் பங்கு.

ஆட்களைத் தெரிந்துகொள்வதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் கூடுவார்கள். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள் என்று நாற்பத்திரண்டு தொழில்கள். காபி முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, இன்னொரு உறுப்பினருக்கு வேலை கிடைக்கும் இடத்தை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்ன இடத்தில் இன்னாருக்கு உங்கள் வேலை தேவைப்படுகிறது, என் பெயரைச் சொல்லிப் போய்ப் பாருங்கள் என்று இருக்கும். சீட்டு இல்லாதவர் எழுந்து நின்று, 'இந்த வாரம் நான் யாருக்கும் உதவவில்லை' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அப்படிச் சொன்ன ஒரு ஜன்னல் திரை வியாபாரி அந்த வாரம் முழுக்கத் தன் கடைத் திரைக்குப் பின்னால்தான் நின்றார் என்று பேச்சு.

சங்கத் தலைவர் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் கை குலுக்கினால் மதியம்வரை அந்தக் கையால் கையெழுத்துப் போட முடியாது. யார் எத்தனை சீட்டு கொடுத்தார் என்பதைப் பலகையில் எழுதி வைப்பது அவர்தான். பதினோரு மாதமாக அந்தப் பலகையில் முதல் பெயர் பெட்டிக்காரருடையது. அதற்காகக் கொடுத்த வெள்ளி நிறக் கோப்பை, எல்லோர் கண்ணிலும் படும்படி பஞ்சிங் மிஷினின் தலையில் உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்கு, அந்தக் கோப்பைக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அட்டையை அழுத்தும் தகடு மட்டும் திறந்த வாயோடு அப்படியே நின்றுவிட்டது. மச்சினன் மோட்டாரை நிறுத்தி, உள்ளே கையை விட்டு, விரல் நீளத்தில் இரண்டாக ஒடிந்த ஓர் இரும்புத் துண்டை எடுத்தான். சக்கரத்தையும் அச்சையும் பிணைக்கிற சாவி அது. மிஷினுக்குப் பெட்டிக்காரரின் வயது, ஐம்பத்திரண்டு. அந்த அளவில் சாவி எந்தக் கடையிலும் கிடைக்காது. செய்துதான் போட வேண்டும்.

பசை மேஜையில் ஆறு பேரும் கையைத் தூக்கியபடி இருந்தார்கள். அன்று ஆறாயிரம் பெட்டிகள் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போக வேண்டும். வெட்டி முடிந்தது மூவாயிரத்து நானூறு. சென்ற வருடத்தில் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போக, கூடத்தை ஓட்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு கம்பெனிதான். அதன் கொள்முதல் அதிகாரி ஓர் அம்மாள். குரலை உயர்த்தியே அறியாதவர். முதல் நாளே சொல்லியிருந்தார்: “பெட்டி இங்க வந்து சேரணும். நாலு மணிக்கு மேல எங்க லாரி நிக்காது. லாரி நிக்கலைன்னா எங்க லிஸ்ட்ல உங்க பேரும் நிக்காது.”

பெட்டிக்காரர் பதற்றப்படவில்லை. இதற்காகத்தானே இத்தனை வருடம் சேர்த்தார். ஒருக்களித்து அறைக்குள் நுழைந்து, பதினாறு பெட்டிகளையும் மேஜைமேல் இறக்கி, ஃபோனை எடுத்தார்.

பத்து நாற்பதிலிருந்து பதினொன்றே முக்கால்வரை அறுபத்தோரு பேரிடம் பேசினார். அதில் நாற்பது பேர் யார் பேசுவது என்று கேட்டார்கள். சொன்ன பிறகும் கேட்டார்கள். ஒன்பது பேர் விவரத்தை மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். ஒருவர், மிஷின் நின்றது ஒரு விதத்தில் நல்லதுதான் என்று தொடங்கி, மன அமைதிக்குத் தான் நடத்தும் வகுப்பில் சேரச் சொன்னார். தொலைவில் ஒரு பட்டறைக்காரர் மட்டும் வருகிறேன் என்றார், அடுத்த புதன்கிழமை. சங்கத் தலைவரைக் கூப்பிட்டபோது, மிக நல்ல தேவை இது, செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள், எல்லோரும் கை தட்டுவோம் என்றார். வைப்பதற்கு முன், மிஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்றும் கேட்டார்.

மனைவி கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நாலாயிரம் பேரை உங்களுக்குத் தெரியும். சரி. நாலு பேருக்கு உங்களைத் தெரியுமா?”

பெட்டிக்காரர் அறுபத்திரண்டாவது கார்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். மச்சினன் அவளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, வண்டி வழியில் பஞ்சர் என்று சொல்லிவிடலாமே அத்தான், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றான். அந்தப் பொய் பெட்டிக்காரருக்கும் பத்து இருபத்தொன்றுக்கே தோன்றியிருந்தது. மனசுக்குள் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தும் ஆகிவிட்டது.

“உங்க சங்கத்துலயே லேத்துக்காரர் ஒருத்தர் இருக்காரே. அவரைக் கூப்பிட்டீங்களா?”

“அவரு பிஸியா இருப்பாரு.”

“கூப்பிட்டீங்களான்னு கேட்டேன்.”

கூப்பிடவில்லை. கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். திங்கட்கிழமை சாயங்காலங்களில் புருஷன் கண்ணை மூடிக்கொண்டு செருப்புப் பெட்டிக்குள் கையை விட்டு, அகப்பட்ட கார்டின் முகவரியை மஞ்சள் சீட்டில் எழுதுவதைப் பசைக் கையோடு பார்த்திருக்கிறாள். அந்தச் சீட்டுகளை அவர் எல்லோருக்கும் கொடுத்தார். மற்றவர்கள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தாங்களும் அதே மாதிரி எழுதிக் கொடுத்தார்கள். சீட்டை நம்பி அந்த முகவரிக்கே கிளம்பிப் போனவர் நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்தான். அவர்தான் லேத்துக்காரர்.

முதல் சீட்டுக்கு அவர் போனது ஒரு குடைக் கடை. மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டாவது சீட்டு அந்தப் பல் டாக்டர். வாசலில் இருந்த பெண், பேசவே விடாமல் உள்ளே அனுப்பி நாற்காலியில் சாய்த்துவிட்டாள். வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லப் போனார். திறந்த வாய்க்குள் டாக்டர் ஊசி போட்டுவிட்டார். வலிக்காத பல் ஒன்றோடு வீடு திரும்பினார், கைக்குட்டையில் முடிந்து. மூன்றாவது சீட்டு ஒரு பிஸ்கட் ஃபேக்டரி முதலாளி. அவர் அன்று காலையில்தான் காலமாகியிருந்தார். பை நிறைய ஸ்பானர்களோடு வாசலில் வந்து நின்றவரை, தூரத்து உறவு என்று நினைத்து நாலைந்து பேர் கட்டிப் பிடித்து அழுதார்கள். மரியாதைக்கு இவரும் அழுதார். அந்த வீட்டில் நின்றுபோயிருந்த மின்விசிறி ஒன்றைச் சரி செய்துவிட்டு, சாயங்காலம் திரும்பினார். மூன்று சீட்டுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்த வேலை அது ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டு செவ்வாயாக அவர் சங்கத்துக்கு வரவில்லை.

“பல்லு போனவர் முகத்துல நான் எப்படிப் போய் முழிக்கிறது?” என்றார் பெட்டிக்காரர்.

“நாலு மணிக்கு மேல இந்த ஆறு பேர் முகத்துல எப்படி முழிப்பீங்களோ, அப்படித்தான்.”

அவள் ஒடிந்த சாவியை ஒரு துணியில் சுற்றி அவர் சட்டைப் பையில் வைத்தாள். கார்டுகள் வைக்கும் பை அது. கார்டுகளை எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

லேத் பட்டறைக்குள் அவர் நுழைந்தபோது மணி பன்னிரண்டு ஐந்து. லேத்துக்காரர் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். ஒரு நீள இரும்பு சுழன்றது. அதிலிருந்து நீல நிறச் சுருள்கள் காலடியில் விழுந்தன. பெட்டிக்காரர் கூப்பிட்டார். முதுகு திரும்பவில்லை. சங்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சார். இங்கே அந்தச் சார் எடுபடவில்லை. 'அண்ணே' என்று கூப்பிட்டுப் பார்த்தார். அதையும் லேத் விழுங்கிவிட்டது. வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கினார். மிஷின் நின்றதைச் சொன்னார். ஆறாயிரம் பெட்டியைச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குரலைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில், வந்ததே வந்தோம் என்று, தொண்டை நரம்பு புடைக்க அதையும் சொன்னார். அவர் பாதியில் இருக்கும்போது இரும்பு வெட்டி முடிந்து, லேத் நின்றுவிட்டது.

“அந்த மூணு சீட்டும் நான் கண்ணை மூடிக்கிட்டு எழுதினது.”

பின்பாதி தெருவரைக்கும் போனது. எதிரே சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் பம்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

லேத்துக்காரர் எண்ணெய்த் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பத்து விரலும் முடிய வெகுநேரம் ஆனது. பெட்டிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

“தெரியும்” என்றார் லேத்துக்காரர். மேல் வரிசையில் இருந்த இடைவெளி தெரிந்தது. “நல்ல பல்லு அது. டாக்டரே சொன்னாரு, பிடுங்கினப்புறம்.”

பெட்டிக்காரரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்க் கார்டைத் தேடியது. துணி சுற்றிய சாவிதான் வந்தது. அதை நீட்டினார்.

லேத்துக்காரர் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து, அளவுக் கருவியால் மூன்று இடத்தில் அளந்தார். யாருக்குப் போகிற பெட்டி என்று கேட்டார். மருந்துக் கம்பெனி என்றதும் கை நின்றது.

“அந்த அம்மாவா?”

“அவங்கதான். ஒரு கண்காட்சியில என் கார்டு அவங்களுக்குக் குடுத்திருந்தேன். அதை வச்சுத்தான் கூப்பிட்டாங்க.”

“கார்டை வச்சா? பெட்டி சார், அங்க மாத்திரை மிஷின் பதினாலு வருஷமா நான் பாக்கறேன். பெட்டிக்கு ஒரு நல்ல ஆள் சொல்லுங்கன்னு கேட்டாங்க. உங்களைச் சொன்னேன்.”

பெட்டிக்காரருக்குச் செருப்புப் பெட்டி பதினாறும் ஒன்றாகத் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. ஏன் என்னைச் சொன்னீர்கள் என்று கேட்டார். கேட்ட குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

“சங்கத்து ஹால்ல ஒரு நாள் பல்பு ஃபியூஸ் போச்சுல்ல? நீங்க சாம்பிளுக்குக் கொண்டாந்த பெட்டி மேல ஏறி நின்னுதான் மாட்டினேன். அமுங்கலை. அவ்வளவுதான்.” லேத்துக்காரர் இரும்புக் கட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். “நான் சாவி செய்யறேன். உங்களுக்காக இல்லை. இன்னிக்கு நீங்க கவுத்துட்டா, அங்க நான் சொன்ன சொல்லும் சேர்ந்து கவுந்துடும். ஆனா முதல்ல அந்த அம்மாவுக்கு ஃபோன் போடுங்க. உள்ளதைச் சொல்லுங்க. என் எதிர்லயே.”

“சொன்னா வேற ஆளைப் பாத்துக்குவாங்களே.”

“பாத்துக்கலாம். சொல்லுங்க.”

பஞ்சர் ஆன வண்டி பெட்டிக்காரரின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அது எவ்வளவு சுலபம் என்றும் தோன்றியது. லேத்துக்காரர் இரும்புக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். லேத்தை ஓட விடவில்லை. மணி பன்னிரண்டு இருபது.

அந்த அம்மாள் எடுத்தார். பெட்டிக்காரர் சொன்னார். மிஷின் பத்து இருபதுக்கு நின்றது, இரண்டாயிரத்து அறுநூறு பாக்கி, நாலு மணிக்கு முடியாது, ஐந்தாகும். இரண்டு மணி நேரமாக உங்களிடம் சொல்லாமல் இருந்தேன் என்று, கேட்காமலே அதையும் சேர்த்துக்கொண்டார். மறுமுனையில் யாரோ பேனாவால் மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டல் நின்றது.

“யார் சரி பண்றாங்க?”

“லேத்துக்காரர்.”

“அவர்கிட்ட குடுங்க.”

லேத்துக்காரர் ஃபோனை வாங்கி, அதிலும் எண்ணெய் பூசினார். பெட்டிக்காரரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தது வீண். “ஆமாம்மா. ஒன்றரைக்கு சாவி ரெடி. ரெண்டுக்குள்ள மிஷின் ஓடும். அதுக்கு மேல அவங்க பாடு” என்றார். மறுமுனை சொன்னதைக் கேட்டார். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

“லாரியை அஞ்சு மணிவரைக்கும் நிறுத்தறேன்” என்றது அந்த உயராத குரல். “அஞ்சு ஒண்ணுக்கு கேட்டை மூடிடுவாங்க.”

சாவி ஒன்று முப்பத்தைந்துக்கு முடிந்தது. கூடத்துக்கு வந்து பொருத்தினால் மயிரிழை அளவு பெரிதாக இருந்து இறுக்கிப் பிடித்தது. லேத்துக்காரர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அரத்தால் தேய்த்தார். நாலு தேய்ப்பு, பொருத்திப் பார்ப்பது. மறுபடி நாலு தேய்ப்பு. மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ஒன்று ஐம்பத்தைந்துக்குச் சாவி உள்ளே இறங்கியது. மோட்டாரைப் போட்டார்கள். தகடு ஒரு தடவை யோசித்துவிட்டு மூடியது. முதல் அட்டை வெளியே வந்தது.

மணிக்கு ஆயிரம்தான் அந்த மிஷினின் வேகம். கெஞ்சினாலும் ஆயிரம்தான். மச்சினன் ஓட்ட, பெட்டிக்காரர் எண்ணி அடுக்க, மனைவியும் அறுவரும் ஒட்ட, பேச்சே இல்லை. மேஜையில் ஒருத்தி மட்டும், சங்கத்தில் சீட்டு எழுதுகிற கைக்கு அட்டை அடுக்கவும் வருகிறதே என்று கையை நிறுத்தாமல் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றே காலுக்கு 'டங்' என்று ஒரு சத்தம்.

அத்தனை கைகளும் நின்றன. பெட்டிக்காரர் அட்டைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இன்னும் கிளம்பாமல் இருந்த லேத்துக்காரர் மட்டும் குனிந்து பார்த்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் தலையிலிருந்து, அதிர்வில் நகர்ந்து நகர்ந்து, கோப்பை விழுந்திருந்தது. ஒரு காது உடைந்து பசை டப்பாவுக்குள் போய்விட்டது. எடுக்க யாருக்கும் நேரமில்லை. அன்று ஒட்டிய பெட்டி ஒன்றில் வெள்ளி நிறத்தில் ஒரு காது இருப்பதாக மருந்துக் கம்பெனியில் பல நாள் பேசிக்கொண்டார்கள்.

நாலு முப்பத்தொன்றுக்குக் கடைசி அட்டை. நாலு நாற்பத்தைந்துக்குக் கடைசிப் பெட்டி வண்டியில் ஏறியது. பெட்டிக்காரர் பின்னால் கட்டுகளோடு கட்டாக உட்கார்ந்து போனார். வழியில் மூன்று சிக்னல். மூன்றிலும் சிவப்பு விளக்கு. மூன்றாவதில் பக்கத்து வண்டிக்காரர் பழக்கமான முகமாகத் தெரிந்தார், சிரிக்கவும் சிரித்தார். பெட்டிக்காரரின் கை சட்டைப் பைக்குப் போகவில்லை. கம்பெனி கேட்டை வண்டி தாண்டியபோது நாலு ஐம்பத்தெட்டு. அந்த அம்மாள் படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். வண்டிக்குள் ஏறி ஒரு பெட்டியை எடுத்து, விரித்து, கையால் அழுத்திப் பார்த்தார். இறங்கினார். அடுத்த ஆர்டர் பத்து நாள் கழித்து வந்தது. அதில் 'நாலு மணி' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை லேத்துக்காரர் சங்கத்துக்கு வந்திருந்தார், ஓரத்து நாற்காலியில். பெட்டிக்காரரின் முறை வந்தது. எழுந்து நின்றார்.

“இந்த வாரம் நான் யாருக்கும் உதவவில்லை.”

தலைவர் காதில் விழாததுபோல் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னார். அடுத்த செவ்வாயும், அதற்கடுத்த செவ்வாயும் அதையே சொன்னார். பலகையில் அவர் பெயர் முதல் வரியிலிருந்து இறங்கி, பலகையையே விட்டு இறங்கி, சுவரில் எழுத வேண்டிய இடத்துக்குப் போனது. தலைவர் கை குலுக்குவதையும் நிறுத்திவிட்டார். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் கையெழுத்துப் போட வசதியாக இருந்தது.

அந்த மூன்று வாரமும் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு சோப்பு ஃபேக்டரிக்கு மூன்று தடவை போனார். கார்டு கொண்டுபோகவில்லை. அங்கே சோப்பு அழுத்தும் மிஷின் முனகுவதைப் பக்கத்தில் நின்று கேட்டார். எந்தப் பக்கம் முனகுகிறது, எத்தனை நாளாக, இதற்கு முன் யார் பார்த்தார்கள் என்று முதலாளியிடம் கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டார். லேத்துக்காரரைப் பற்றிச் சொன்னார். பல்லைப் பற்றியும் சொன்னார். முதலாளி சிரித்துவிட்டு, புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

நாலாவது செவ்வாய் அவர் எழுந்து, ஹாலின் நடுவே நடந்துபோய், ஓரத்து நாற்காலிக்கு எதிரில் நின்றார். ஒரே ஒரு மஞ்சள் சீட்டு. இரண்டு பக்கமும் எழுதியிருந்தது.

லேத்துக்காரர் வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பி மறுபக்கத்தையும் படித்தார். ஹாலில் நாற்பது தொழில்களும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தன. லேத்துக்காரர் சீட்டை நாலாக மடித்தார். மடித்தவர் பையில் போடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

“ஆள் உயிரோட இருக்காரா?”

“நேத்து சாயங்காலம் நான் கிளம்பறவரைக்கும் இருந்தாருண்ணே.”

லேத்துக்காரர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்து, மேலே பட்டனைப் போட்டுக்கொண்டார்.